எண்ணெய் வற்றுமா?

சான்பாடாவில் வாழும் நமக்குக் கழியின் அக்கரையிலுள்ள டிராம்பே அயலூர் அன்று. 1954, 1955ஆம் ஆண்டுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1956இல் அப்சரா அணு உலையும் அப்பக்கம் தொடங்கப்பெற்றன.

எண்ணெய் வற்றிவிடும் என்பர் ஒரு சாரார். புதிய ஊற்றுகள் தோன்றும் என்பர் மறு சாரார். அமெரிக்க உற்பத்தி 1970ஐ ஒட்டி உச்சம் எய்தித் தாழும் என 1956இல் ஹப்பர்ட் கணித்தார்; அது பலித்தது. ஆயினும் பாறை எண்ணெயால் அவ்வுச்சத்தை 2018இல் அந்நாடு கடந்தது.

1974இல் நம் பம்பாய்க் கடலிலும் எண்ணெய் கிடைத்தது. எனினும் இந்தியா தன் தேவையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அயல்நாடுகளிலிருந்தே பெறுகிறது. அதற்காகக் காவிரிப் படுகையைத் தோண்டலாமா? 2017இல் நெடுவாசல் மக்கள் மறுத்தனர். 2020இல் சட்டமும் துணை வந்தது. ஊற்று வற்றினால் வேறு தேடலாம். வயல் கெட்டால் எங்குச் செல்வது? முப்பந்தல் காற்றும், கூரைமேல் கதிரொளியும், சிக்கனமுமே நாம் பிள்ளைகளுக்கு வைத்துச் செல்லத்தக்க சேமிப்பு.