பெட்டியில் ஏறுமுன் கொழுக்கியைப் பாருங்கள்!

அறுவடைக் காலத்தில் எழுவான்கரையிலிருந்து படுவான்கரை வயல்களுக்குக் குடும்பம் குடும்பமாக உழவு இயந்திரப் பெட்டியில் போகிறோம். உம்மா, மூத்தம்மா, மடியில் பிள்ளைகள், நடுவில் சோற்றுச் சட்டி! திரும்பும்போது அதே பெட்டியில் நெல் மூடைகள். மூடைகளுக்கு மேல் பிள்ளைகள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை துறையடியில் ‘பாதை’க்காகக் காத்து நின்றோம். இப்போது ஒரே ஓட்டமாக வாவியைக் கடந்துவிடுகிறோம். ஆனால் இயந்திரத்தையும் பெட்டியையும் எது பிணைத்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் குனிந்து பார்த்திருக்கிறோம்?

அமெரிக்காவில் குடும்பங்கள் பிக்கப் வாகனத்தில் ஒரு நடமாடும் வீட்டையே இழுத்துச் செல்கின்றன. அந்த வீட்டின் கொழுக்கி வாகனத்தின் வாலில் இல்லை. பின் அச்சுக்கு மேலே, சாமான் ஏற்றும் தட்டில் இருக்கிறது. ‘ஐந்தாம் சக்கரம்’ என்று அதற்குப் பெயர். குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வளையத்திலிருந்து வந்த பெயர் அது. நம் வீதிகளில் ஓடும் கொள்கலன் லொறிகளிலும் அதே ஏற்பாடுதான். வீட்டின் எடையில் 15 முதல் 25 வீதம் அந்த இணைப்பின் மேல் இறங்கும். அதைத் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் விவரம் தெரிந்தவர்கள் வாகனத்தைத் தெரிவு செய்கிறார்கள்.

நாமோ, “எத்தனை மூடை இழுக்கும்?” என்பதோடு விட்டுவிடுகிறோம். 45 குதிரைவலு இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 2 தொன். 65 கிலோ மூடை 40 ஏற்றினால் பாரம் மட்டும் 2,600 கிலோ. அதே பெட்டியில் ஒரு கியூப் மணல் ஏற்றினால் நாலரைத் தொன்னைத் தொடும். சமதரையில் இழுத்துவிடும், அதில் சந்தேகமில்லை. பாலத்து இறக்கத்தில் அந்தப் பாரம் பின்னாலிருந்து தள்ளுமே, அப்போது யார் பிடிப்பது? நம் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு பிறேக் கிடையாது. இயந்திரத்தின் பிறேக்கும் பின் சக்கரங்கள் இரண்டில் மட்டும்தான். அதிலும் வயலில் திருப்புவதற்காக இடம், வலம் எனத் தனித்தனி மிதிகள். வீதிக்கு ஏறியதும் இரண்டையும் பூட்டி ஒன்றாக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால், பெட்டி தள்ளி இயந்திரத்தைக் குறுக்கே மடக்கிவிடும். ஓட்டுகிற காக்காவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்!

பாரத்தை எங்கே வைப்பது என்பதும் பெரிய விடயம். பெட்டிக்கு ஒரே அச்சு. பாரம் அச்சுக்குப் பின்னால் குவிந்தால் கொழுக்கி மேலே தூக்கும். இயந்திரத்தின் பின் சக்கரம் பிடிமானம் இழக்கும், பெட்டி வாலாட்டும். அளவுக்கு மீறி முன்னால் குவிந்தால் முன் சக்கரங்கள் இலேசாகிச் சுக்கான் பேச்சுக் கேட்காது. அச்சுக்குச் சற்று முன்னால் பாரம் கூடியிருப்பதே நல்லது. அதேபோல், கொழுக்கி பின் அச்சை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். சேற்றில் புதைந்தது என்று சங்கிலியை மேலே கட்டி இழுக்கிறார்களே, அந்த நேரத்தில்தான் இயந்திரம் முன்பக்கம் எழும்பிச் சாரதியின் மேலேயே கவிழ்கிறது.

ஆணிக்குப் பதில் கம்பித் துண்டைச் செருகி வைப்பதை என்னவென்று சொல்வது? துவாரத்துக்குப் பொருந்திய ஆணி, அது மேலே எழும்பாமல் ஒரு கிளிப், ஆணி முறிந்தாலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு சங்கிலி. நெல் விற்ற காசில் இவற்றின் விலை ஒரு பொருட்டா?

லேண்ட்மாஸ்டர் வைத்திருப்போருக்கு ஒரு தனி வார்த்தை. சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் பெட்டி தள்ளும்போது பிடித்தாலோ வலப்பக்கம் திரும்பும்! பிடித்த பக்கத்துச் சக்கரம் இயந்திரத்தின் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடிவிடுவதே காரணம். இதை அறியாத இளைஞரின் கையில் பிள்ளைகள் நிறைந்த பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

இனி வெள்ளம். 2024 நவம்பர் 26ஆம் திகதி, வாவிக்குத் தெற்கே காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில், நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்று, மாணவர்கள் உட்பட எட்டுப் பேர் இறந்ததை நம் பகுதியில் யார் மறப்பார்? உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, எந்த நீரிலும் போகும் என்ற நம்பிக்கை நமக்கு. பெட்டியின் பக்கமோ ஒரு சுவர் போன்றது. நீர் பலகை மட்டத்துக்கு வந்தால் ஓட்டம் அந்தச் சுவரை முழு அகலத்துக்கும் தள்ளும். டயர்களில் காற்றும், அடியில் பலகையும் இருப்பதால் பெட்டி மிதக்கவும் பார்க்கும். நல்ல ஆணி போட்டு இறுக்கிய கொழுக்கியே அப்போது இயந்திரத்தின் வாலைப் பிடித்து வீதிக்கு வெளியே இழுத்துவிடும். வீதியோரம் கண்ணுக்குத் தெரியாமல் நீர் குறுக்கே ஓடும் இடத்தில், “போகலாம், பயமில்லை” என்று சாரதி சொன்னாலும், பிள்ளைகளோடு இறங்கிக் கரையிலேயே நின்றுவிடுங்கள்.