உழவு இயந்திரம் கரும்புகை கக்குவது ஏன்?

வன்னிக் கமக்காரர்களே!

காலபோக அறுவடைக் காலத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வயல்களில் தூசியும் பதரும் மிகுதியாகப் பறக்கும். அக்காலத்தில் டர்போ பொருத்திய உழவு இயந்திரம் திடீரெனச் சுமையேறும்போது சிறிது புகைத்து அடங்குவது இயல்பு. இடைவிடாது கரும்புகை கக்குமாயின், டீசலுக்கு ஏற்ற காற்று எஞ்சினுக்குக் கிடைக்கவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். டீசல் வீணாவதோடு, கரி எஞ்சின் எண்ணெயிற் கலந்து உறுப்புக்களையும் தேய்க்கும்.

டர்போ என்பது எஞ்சின் வெளிவிடும் வாயுவின் விசையாற் சுழன்று, எஞ்சினுள் காற்றைத் திணிக்கும் விசிறியாகும். ஆகவே, காற்று வரும் வழியையே முதலிற் சோதித்தல் வேண்டும்.

1. எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் காற்று வடிகட்டியைப் பாருங்கள். அடைத்திருப்பின் மாற்றுங்கள். வடிகட்டியின்றி ஒருபோதும் இயக்காதீர்கள். உட்புகும் மணல் டர்போ விசிறியை அரித்துவிடும்.

2. டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயைப் பாருங்கள். வெடிப்போ, தளர்ந்த பட்டியோ, சுமையின்போது சீறும் ஒலியோ இருப்பின், அழுத்திய காற்று அவ்விடத்தே வெளியேறுகின்றது.

3. இவ்விரண்டும் செவ்வையாயிருந்தும் புகை குறையாவிடின், டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துச் சோதிப்பியுங்கள். டீசல் பம்பின் அளவை நீங்களே மாற்றாதீர்கள்.

வடிகட்டிக்குச் செலவாகும் பணம் சிறிது. அறுவடையின் நடுவே எஞ்சின் நின்றுவிட்டால் நேரும் நட்டமோ பெரிது.