மழை பெய்தும் வாடும் செடிகள்

கிந்தாப் பள்ளத்தாக்கில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அத்தகைய இடத்தில் கத்தரியும் வெண்டையும் நீரின்றி வாடுகின்றன என்றால் நம்பத் தோன்றாது. ஆயினும் ஈப்போ, கம்பார், பத்து காஜா வட்டாரங்களில் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்போர் இதை நன்கறிவர். மாலையில் கொட்டித் தீர்த்த மழையின் ஈரம் மறுநாள் நண்பகலில் மேல்மண்ணில் இருப்பதில்லை.

இதற்குக் காரணம் சுரங்கத் தொழில் நடந்த முறையேயாகும். நீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, அக்குழம்பைப் பம்பினால் மேலேற்றி, பாலோங் எனப்படும் நீண்ட மரவாய்க்காலில் ஓடவிட்டனர். கனமான ஈயத்தாது அடியில் தங்கிற்று. எஞ்சியவற்றுள் பருமணல் அருகிலேயே குவிந்தது. நுண்ணிய களியோ நீரோடு சென்று குட்டைகளில் படிந்தது. இயற்கை கலந்து வைத்திருந்ததை மனிதன் இரண்டாகப் பிரித்துவிட்டான். ஒருபுறம் நீரைப் பிடிக்கமாட்டாத மணல். மறுபுறம் நீரை விடமாட்டாத சேறு.

மண் நீரைத் தாங்குவது தன் துகள்களின் மேற்பரப்பிலும் அவற்றிடையேயுள்ள நுண்துளைகளிலுமாகும். மணலில் இடைவெளிகள் பெரியவை. எனவே நீர் தன் எடையாலேயே கீழிறங்கிவிடும். களித்துகளோ ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கினும் சிறியது. ஓரடி ஆழமுள்ள மணலில் செடிக்குப் பயன்படும் நீர் ஓர் அங்குலத்துக்கும் குறைவு. மணல், வண்டல், களி மூன்றும் சேர்ந்த மண்ணில் ஏறக்குறைய 2 அங்குலம் நிற்கும்.

ஆகவே பிரிந்ததைச் சேர்ப்பதே பரிகாரம். ஆனால் குட்டைச் சேற்றை அப்படியே அள்ளி வந்து கொட்டுவது தகாது. நீரைப் பற்றும் அந்நுண்களியே காரீயம், ஆர்சனிக் முதலிய நஞ்சுகளையும் பற்றி வைத்திருக்கக்கூடும். உண்ணும் காய்கறிக்காயின், சுரங்கம் தோண்டாத இடத்துச் செம்மண்ணைக் கொணர்வது நன்று. வீட்டு மண்ணையும் ஒருமுறை சோதிப்பித்துக் கொள்ளலாம்.

களி மட்டும் போதாது, மக்கு வேண்டும். மக்கிய இலை, சாணம், கோழி எரு, செம்பனையின் வெறுங்குலை ஆகியவை பஞ்சுபோல் நீரை உறிஞ்சுவதோடு மணற்பொடிகளை ஒட்டிக் கட்டிகளாக்கும். பாத்தியின்மேல் 2 அங்குலக் கனத்தில் பரப்பி, ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுக. எல்லாம் நன்றாக மக்கியிருத்தல் அவசியம். பச்சை மரத்தூளைக் கலந்துவிட்டு, இலை மஞ்சளாகிறதே என்று நோய்க்கு மருந்து தேடுவோர் உளர். நோய் ஒன்றுமில்லை, மரத்தூளைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய நைட்ரஜனைத் தாமே உண்டுவிடுகின்றன.

குளிர்நாட்டுத் தோட்ட நூல்களைப் படித்து, ஒருமுறை இட்ட மக்கு பல்லாண்டு இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. பன்னிரண்டு மாதமும் வெப்பமும் ஈரமும் உள்ள நம் நாட்டில் அது விரைவில் சிதைந்து மறையும். ஒவ்வொரு நடவுக்கும் புதிதாக இடவேண்டும். அதன்மேல், பூத்து விதை பிடிக்குமுன் அறுத்துக் காயவைத்த லாலாங் புல்லை மூடாக்காகப் பரப்பினால் வெயில் மண்ணைத் தீண்டாது. வேரோடு பிடுங்கிய லாலாங் வேண்டா. அது மூடாக்காக இராமல் பயிராகவே கிளம்பிவிடும்.