எலி தும்மினால் கூண்டை முகர்ந்து பாருங்கள்

எலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. சளி பிடித்து மூக்கடைத்தால் நாம் வாயைத் திறந்து சமாளித்துக்கொள்கிறோம். எலிக்கு அந்த வசதி இல்லை. அதன் குரல்வளை மூடி மென்னண்ணத்தோடு ஒட்டி நிற்பதால், காற்று மூக்கிலிருந்து நேரே மூச்சுக்குழாய்க்குப் போகிறது. வாய் தின்னவும் கொறிக்கவும்தான். வாயைப் பிளந்து மூச்சு வாங்கும் எலி சாவின் விளிம்பில் இருக்கிறது என்று பொருள். அதனால் மலேசியாவின் ஷா ஆலம் அடுக்குமாடி வீடொன்றில் வளர்ப்பு எலி அடுக்கடுக்காய்த் தும்மினால், அதைக் கவனித்தே ஆகவேண்டும்.

பயந்து நடுங்கவும் வேண்டாம். புது வீட்டுக்கு வந்த எலி சில நாள் தும்மும். தூசு பட்டாலும் தும்மும். தும்மல் தொடர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற நுண்ணுயிரியை. தாய் எலி முகர்ந்து நக்கும்போதே குட்டிக்குத் தொற்றிவிடும். கருவிலேயே தொற்றுவதும் உண்டு. கடையில் வாங்கும் எலிகளில் அநேகமாக எல்லாவற்றிடமும் இது இருக்கும். ஆய்வுக்கூடங்கள் இதை ஒழிக்க, குட்டிகளை அறுவைசிகிச்சையில் வெளியே எடுத்து, நோயற்ற வேறு தாயிடம் வளர்க்க வேண்டியிருந்தது.

எல்லா எலியிடமும் கிருமி இருக்க, ஒன்று மூன்று வயதுவரை துள்ளுகிறது, இன்னொன்று ஒரு வயதிலேயே இளைக்கிறது. ஏன்? 1976-இல் அமெரிக்காவில் ப்ரோடர்சன், லிண்ட்சி, கிராஃபோர்டு மூவரும் இதைச் சோதித்தார்கள். கிருமி தொற்றிய எலிகளைப் பத்து லட்சத்தில் 25 முதல் 250 பங்குவரை அம்மோனியா கலந்த காற்றில் வைத்தார்கள். மிகக் குறைந்த அளவிலேயே மூக்கழற்சியும் நுரையீரல் நோயும் கடுமையாயின. அழுக்குப் படுக்கையிலிருந்து எழுந்த அம்மோனியாவும், சுத்தமாகத் தயாரித்துச் செலுத்திய அம்மோனியாவும் ஒரே கேட்டைத்தான் செய்தன. 25 பங்கு என்பது, தொழிலாளர் வேலை நேரத்தில் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கத் தொழில்நல நிறுவனம் பரிந்துரைக்கும் உச்சவரம்பு! 1982-இல் வந்த மற்றொரு ஆய்வு, அம்மோனியா இருக்கும் காற்றில் இந்தக் கிருமி எலியின் சுவாசப் பாதையில் அதிகம் பெருகுவதைக் காட்டியது.

எலியின் சிறுநீரில் அம்மோனியா நெடி அவ்வளவாக இருக்காது, இருப்பது யூரியா. படுக்கையில் வாழும் பாக்டீரியாக்கள் யூரியாவைச் சிதைக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் வாயு பிறக்கிறது. இளஞ்சூடும் ஈரமும் அவற்றுக்குக் கொண்டாட்டம். ஷா ஆலம் இருக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரண்டுக்கும் பஞ்சமே கிடையாது. குளிர்நாட்டுக்காரர் எழுதிய வளர்ப்புக் குறிப்பில் வாரம் ஒருமுறை படுக்கை மாற்றச் சொல்லியிருந்தால், இங்கே அது போதாது. கூண்டுக் கதவருகே நின்று முகர்வதிலும் பயனில்லை. எலியின் மூக்கு படுக்கைக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலேதான் இருக்கிறது. மூலையில் நனைந்த படுக்கையை ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுவாருங்கள். கண் கரித்தால் எலி நெடுநேரமாக அதில்தான் மூச்சு விட்டிருக்கிறது.

கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு, எலிக்கு ஆகாது. அடியில் காற்று தேங்கும். கம்பிக்கூண்டு நல்லது. பைன், தேவதாரு மரச்சீவல்களின் வாசனை எண்ணெய் மூச்சுப்பாதைக்கு எரிச்சலூட்டும். காகிதத் துகள் படுக்கை மேலானது. நனைந்த மூலையைத் தினமும் அகற்றுங்கள். ஆனால் குளோராக்ஸ் ஊற்றிப் பளபளவென்று கழுவிவிடாதீர்கள்! தன் வாடை முழுக்கப் போய்விட்டதென்று எலி கூடுதலாகச் சிறுநீர் தெளித்து வைக்கும். பழைய படுக்கையில் காய்ந்ததாக ஒரு கைப்பிடியை விட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

வெளிக்காற்றும் சும்மா இருப்பதில்லை. 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கலாம். புகைமூட்டம் வந்தால் சன்னலை மூடுகிறோம். கூண்டின் அம்மோனியாவும் வீட்டுக்குள்ளேயே அடைபடுகிறது. அந்த நாட்களில் படுக்கையை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி, மாலையில் கொசுவர்த்தி, சமையலில் மிளகாய் தாளிக்கும் நெடி வேறு. சாமிக்குப் புகை காட்டாதே என்று யாரும் சொல்லப்போவதில்லை. கூண்டைப் பூசையறைக்கும் அடுப்படிக்கும் எட்டவே வைத்தால் போதும்.

கண்ணோரமும் மூக்கிலும் சிவப்பாகக் கசிவதைப் பார்த்து ரத்தம் என்று அலறுபவர்கள் உண்டு. அது ரத்தமல்ல. கண்ணுக்குப் பின்னுள்ள ஹார்டேரியன் சுரப்பி வடிக்கும் போர்ஃபிரின் நிறமி. நலமாயிருக்கும் எலி அதை முகம் கழுவும்போதே துடைத்துவிடும். துடைக்காமல் படிந்திருந்தால், எலிக்கு நோயோ மன உளைச்சலோ இருக்கிறது.

எலியின் விலாவை உங்கள் காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். நல்ல நுரையீரலில் சத்தமே கேட்காது. சடசடப்போ கரகரப்போ கேட்டால், மயிர் சிலிர்த்து முதுகு கூனியிருந்தால், மூச்சுக்கு விலா உள்வாங்கினால், எலிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே போக வேண்டும். எல்லா மருத்துவரும் எலி பார்ப்பதில்லை என்பதால், நலமாயிருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் மிஞ்சிய அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம். பெனிசிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைத் தாக்குபவை. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே இல்லை. டாக்ஸிசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின் போன்றவற்றை மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார். அவையும் கிருமியை அடக்கும், ஒழிக்காது.

புதிதாக வாங்கிய எலியை இரண்டு வாரமாவது வேறு அறையில் தனியே வையுங்கள். எலிகளைத் தாக்கும் கொரோனா வகை வைரஸ் ஒன்று புது எலியோடுதான் வீட்டுக்குள் நுழையும். ஏற்கெனவே ஒன்றாக வளர்ந்த எலிகளில் ஒன்று தும்மத் தொடங்கியது என்பதற்காக அதைப் பிரித்துவிடாதீர்கள். கூட்டாளியின் மூக்கிலும் அதே மைக்கோபிளாஸ்மா எப்போதோ குடியேறியிருக்கும். கூட்டமாக வாழும் பிராணிக்குத் தனிமையால் வரும் உளைச்சல்தான் மிஞ்சும்.