உறுதியும் உறைவிடமும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. அது கட்டுதலின் அருமையைக் கூறிற்றேயன்றி வாங்குதலின் அருமையைக் கூறிற்றில்லை. முற்காலத்திலே நம்மவரிடையே வீடு பெரும்பாலும் விலை கொடுத்துப் பெறும் பொருளாக இருக்கவில்லை. முதுசமாகவோ சீதனமாகவோ வந்து சேர்ந்த வளவிலே தத்தம் வசதிக்கேற்ப வீடமைத்து மக்கள் வாழ்ந்தனர். இக்காலத்து நிலைமை வேறு. கல்லூரிப் படிப்பை முடித்து, உத்தியோகத்தின் பொருட்டுக் கொழும்பிலும் கண்டியிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் பழைய மாணவர் பலர், தம் வாழ்நாட் சேமிப்பைத் திரட்டி, முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து முதன்முறையாக ஒரு வீட்டை வாங்க முற்படுகின்றனர். இம்முயற்சியில் ஒரு முறை தவறினால் மறுமுறை முயலுதற்குப் பொருளும் இராது, காலமும் இராது. ஆதலின் இதனைப்பற்றிச் சில கூறுதல் பயனுடைத்தென எண்ணுகின்றோம்.

வீடு வாங்குதலில் நேரும் பிழைகளை ஆராயின் ஓருண்மை புலனாகும். அறியாமையால் விளையும் இழப்பினும், முறைமாறிச் செய்தலால் விளையும் இழப்பே பெரிது. வீட்டைக் கண்டவுடன் மனம் பற்றுகின்றது, விலை பேசப்படுகின்றது, அச்சாரம் கொடுக்கப்படுகின்றது, அதன் பின்னரே உறுதி கேட்கப்படுகின்றது. பணத்தைக் கொடுத்தவர் உறுதியிலே குறை காணவும் விரும்பார்; கண்ட குறையை ஏற்கவும் விரும்பார். உறுதியை முதலிலும், நிலத்தை அடுத்தும், வீட்டை அதன் பின்னரும், பணத்தை ஈற்றிலும் வைத்துக்கொள்வாராயின், பெரும்பாலான இடர்கள் தாமே நீங்கிவிடும்.

முதற்கண் அச்சாரத்தை எடுத்துக்கொள்வோம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி, இலங்கையிலே நிலத்தை விற்கும் உறுதி மாத்திரமன்றி, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் அமைந்து, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்படல் வேண்டும். வெறுங் கடதாசியில் எழுதி முத்திரையொட்டிக் கையொப்பமிட்ட துண்டைக் காட்டி, “எனக்கே விற்பதாக ஒப்புக்கொண்டார்” என்று நிலத்தைக் கோருதல் இயலாது. ஆதலின் முற்பணம் கொடுக்க வேண்டுமாயின் நொத்தாரிசு முடித்த உடன்படிக்கையின் மீதே கொடுத்தல் வேண்டும். உரிமையிற் குறை காணப்படினும், வங்கிக் கடன் கிடையாதொழியினும் முற்பணம் திரும்பக் கிடைக்குமென்பது அதிலே தெளிவாக எழுதப்படல் வேண்டும்.

இரண்டாவது, உறுதி பார்த்தல். விற்பவர் கையிலுள்ள ஓர் உறுதியை மட்டும் பார்த்தல் போதாது. அவருக்கு அந்நிலம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு முன்னவர்க்கு எவ்வாறு வந்தது என்று தாய் உறுதிகளைத் தொடர்ந்து செல்லல் வேண்டும். வங்கிகளின் சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டுகளுக்குக் குறையாத வரலாற்றைக் கேட்பர். காணிப் பதிவகத்திலே அந்நிலத்துக்குரிய பதிவேட்டைத் தேடுவித்து, ஈடு, ஒற்றி, குத்தகை, நிலுவையிலுள்ள வழக்கு ஆகியன உளவோ என்று அறிதல் அவசியம். போர்க் காலத்திலே பல குடும்பங்கள் இடம்பெயர்ந்து தம் உறுதிகளை இழந்தன. அத்தகையோர் பதிவகத்திலிருந்து பெற்ற பிரதியைக் காட்டுவாராயின் அது குற்றமன்று. ஆயினும் மூல உறுதி உண்மையிலே தொலைந்ததோ, அன்றி எங்கேனும் கடனுக்கு ஈடாகக் கிடக்கின்றதோ என்பதை விசாரித்தறிதல் வேண்டும்.

குடியேற்றத் திட்டங்களிலுள்ள காணிகளைப் பற்றியும் ஒரு சொல். 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலோ அளிப்பிலோ கொடுக்கப்பட்ட அரச காணியைத் தனியார் காணிபோலக் கருதி வாங்குதல் பெரும்பிழை. அவற்றைக் கைமாற்றுதற்குச் சட்டம் பல தடைகளை விதித்துள்ளது.

மூன்றாவது, பங்குக் காணி. நம் பகுதியிலே மிகுதியும் இடர் விளைப்பது இதுவே. உதாரணமாக, தந்தையார் விட்டுச்சென்ற 4 பரப்பு வளவு 4 பிள்ளைகளுக்குப் பொதுவாயிற்று என்று கொள்வோம். அவர்களில் ஒருவர் 1 பரப்பை வேலியடைத்து வீடு கட்டி வாழ்ந்து, பின்னர் அதனை விற்கின்றார். வாங்குபவர் வேலிக்குள் அடங்கிய அந்த 1 பரப்பும் தமதே என எண்ணுகின்றார். நிலம் முறைப்படி பிரிக்கப்படாதிருப்பின், அவர் பெற்றது முழு வளவிலும் பிரிபடாத நாலிலொரு பங்கே. ஏனைய பங்காளிகளில் ஒருவர் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தால், அவர் ஆண்டுக்கணக்காக நீதிமன்றப் படியேற நேரிடும்.

இதனோடு தேசவழமையும் சேர்ந்துகொள்கின்றது. ஒல்லாந்தர் காலத்திலே, 1707 ஆம் ஆண்டில் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரால் தொகுக்கப்பெற்று, 1806 ஆம் ஆண்டில் ஆங்கிலேயராலும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அவ்வழமையிலே, நிலத்தை வாங்குதற்கு உறவினருக்கும் பங்காளிகளுக்கும் முன்னுரிமை அளிக்கப்பட்டிருந்தது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அம்முன்னுரிமையை ஒழுங்குபடுத்திற்று. பிரிபடாத பங்கை விற்க விரும்புபவர், சட்டம் விதித்த முறையிலே பங்காளிகளுக்கு அறிவித்த பின்னரே பிறருக்கு விற்றல் வேண்டும். அவ்வறிவித்தலின்றி வாங்கினால், பங்காளி நீதிமன்றஞ் சென்று அந்நிலத்தைத் தமக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். “அவர் தமையன் லண்டனில் இருக்கின்றார், அவருக்கு இதில் அக்கறையில்லை” என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்குதல் ஆகாது.

நான்காவது, விற்பவரின் குடும்பநிலை. தேசவழமைக்குட்பட்ட பெண்ணொருவர் தம் அசையாச் சொத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்தது. விவாகத்தின் பின் ஈட்டிய பொருளாகிய தேடியதேட்டத்திலே வாழ்க்கைத் துணைக்கும் உரிமை தோன்றும். ஆதலின் விற்பவர் விவாகமானவரா, அச்சொத்து முதுசமா, சீதனமா, தேடியதேட்டமா என்று வினவி, இயலுமிடத்து இருவரையும் உறுதியில் ஒப்பமிடச் செய்தல் நன்று. நன்கொடை உறுதி மூலம் வந்த வீடாயின், கொடுத்த பெற்றோர் தம் சீவிய உருத்தை வைத்துக்கொண்டனரோ என்று பார்த்தல் வேண்டும். மகன் விற்ற வீட்டிலே தாயார் உயிருள்ளவரை இருந்து வாழும் உரிமையுடையராயின், வாங்கியவர் செய்யக்கூடியது யாது?

பிறநாட்டிலிருப்பவர் அற்றோணித் தத்துவத்தின் மூலம் விற்குமிடத்து எச்சரிக்கை இரட்டிப்பாதல் வேண்டும். தத்துவத்திலே விற்கும் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டுள்ளதோ, அது பதியப்பட்டுள்ளதோ, பின்னர் இரத்துச் செய்யப்பட்டதோ என்பவற்றை அறிதல் வேண்டும். தத்துவம் கொடுத்தவர் இறந்தவுடன் அதன் வலுவும் ஒழிந்துவிடும். ஆகையால் அவரோடு நேரிற் பேசி, அவர் உயிரோடிருக்கின்றார், விற்கவும் சம்மதிக்கின்றார் என்று உறுதிப்படுத்திக்கொள்ளல் மிகையன்று.

ஐந்தாவது, நிலத்தைக் காணல். நம் உறுதிகளில் நிலம் பரப்பாலும் குழியாலும் குறிக்கப்படும். வரகு விதைப்புக் கணக்கிலே 1 பரப்பு என்பது 18 குழி, அதாவது 10 பேர்ச். அது 2,722½ சதுர அடி. 16 பரப்புக் கொண்டது 1 ஏக்கர். உறுதியிலே 3 பரப்பு என்றிருப்பினும், தலைமுறைதோறும் எல்லைக் கதியால் சிறிது சிறிதாக நகர்ந்த வளவிலே உண்மையில் 2½ பரப்பே இருத்தல் கூடும். அநுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு, நான்கு எல்லையிலுமுள்ள அயலவர் அறிய அளப்பித்து, புதிய படம் பெற்ற பின்னரே விலையை முடிவு செய்தல் வேண்டும். உறுதியிலே “கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்” என்று எழுதியிருக்கின்றதோ என்பதும் நோக்கற்பாலது. அயலவர் நல்லெண்ணத்தால் விட்ட ஒழுங்கை, உறுதியில் இல்லாதவிடத்து, அவர் மனம் மாறும் நாளில் வழக்காக மாறும்.

அன்றியும், வீட்டிலே இருப்பவர் யார் என்று பார்த்தல் வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, உடையவரின் உரிமைக்கு மாறாக 10 ஆண்டுகள் இடையறாது ஆண்டவர் அந்நிலத்துக்கு உரிமை கோரலாம். போரினால் தம் காணிக்கு வர இயலாதிருந்தோரின் குறையை நீக்கவே 2016 ஆம் ஆண்டில் 5 ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. பூட்டிக் கிடந்த வீட்டைக் காவல் காக்கவென இருத்தப்பட்டவர் பின்னர் எழும்ப மறுத்தலும் உண்டு. “நீங்கள் வாங்குங்கள், அவர் எழும்பிவிடுவார்” என்ற வாக்குறுதிக்குப் பணம் கொடாது, வெறுமையான வீட்டையே பெறுதல் வேண்டும்.

ஆறாவதாகவே வீட்டைப் பார்த்தல் வருகின்றது. புதுச் சாயத்தைக் கண்டு மயங்காது, கூரை மரத்திலே கறையான் உண்டோ, சுவரிலே வெடிப்பும் ஈரக்கசிவும் உளவோ என்று ஒரு மேசனையும் தச்சரையும் அழைத்துச் சென்று பார்ப்பித்தல் வேண்டும். வற்றாத ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, சுண்ணக்கல்லில் ஊறித் தங்கும் மழைநீரே கிணற்று நீராகின்றது. அந்நீர் கோடையிற் குறைந்து சிலவிடங்களில் உவர்ப்பாகின்றது. அண்மையிலுள்ள மலக்குழியால் மாசுபடுவதும் உண்டு. ஆதலின் கிணற்றை ஆவணி புரட்டாதியிலும், கூரையையும் முற்றத்தையும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் பார்த்தல் சாலச் சிறந்தது. கட்டட வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றம் அநுமதி அளித்ததோ, வீதிக்கோடு வளவை எங்கே வெட்டுகின்றது, சோலைவரி நிலுவை உண்டோ என்பனவும் மன்றத்திலே கேட்டறியத்தக்கன. கொழும்பிலே மாடிமனை வாங்குவோர், 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அம்மனைகளின் கூட்டாதனப் படம் பதியப்பட்டுள்ளதோ என்று பார்த்தல் வேண்டும். படம் பதியப்படாத மாடியிலே தனியுறுதி பெறுதல் அரிது.

ஈற்றில், பணமும் பதிவும். தீர்வையைக் குறைத்தற்பொருட்டு, 80 இலட்சம் ரூபாவுக்கு வாங்கிய வீட்டை 30 இலட்சமென உறுதியில் எழுதுவிப்பார் உளர். இது சட்டவிரோதம், வாங்குபவருக்கே ஆபத்தும் ஆகும். பின்னொருநாள் உரிமை பிழைத்து விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்கும்போது, உறுதி சொல்லுவது 30 இலட்சமே. 80 இலட்சத்துக்கு முத்திரைத் தீர்வை மாத்திரமே 3 இலட்சத்துக்கு மேற்படும். நொத்தாரிசு கூலி, அளவைக் கூலி, திருத்த வேலை ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட்ட பின்னரே தம் சக்திக்கேற்ற விலையைத் தீர்மானித்தல் வேண்டும்.

உறுதி முடிந்தவுடன் அதனைத் தாமதமின்றிப் பதிதல் வேண்டும். நொத்தாரிசு மாதந்தோறும் பதிவகத்துக்கு அனுப்பும் இணைப்பிரதியையே பதிவென்று கருதுதல் மயக்கம், பதிவு வேறு. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே நிலத்தை விற்றவர் மீண்டும் வேறொருவருக்கு விற்க, பின்னவர் கபடமின்றி விலைகொடுத்து வாங்கி முன்னதாகப் பதிவாராயின், பதியாத முதலுறுதி தோற்றுவிடும். ஒருநாட் சோம்பல் ஒரு வீட்டை இழப்பிக்கும்.

இத்தனையும் பார்ப்பதாயின் வீடு வாங்குவதெப்போது என்று சிலர் சலித்துக்கொள்வர். இவை யாவும் சில வாரங்களில் முடியும் காரியங்கள். தவறினால் வரும் வழக்கோ தலைமுறையைக் கடந்தும் நிற்கும். நம் நாட்டிலே விலைக்கு வாங்கப்படுவது சுவரும் கூரையுமல்ல, உருத்தே. சுவரை இடித்துக் கட்டலாம். உருத்திற் பழுதிருப்பின் எந்த மேசனாலும் திருத்தவியலாது. விற்பவரின் சட்டத்தரணியை நம்பாது, தமக்கெனத் தனியே ஒருவரை அமர்த்தி, “இதனை வாங்கலாமோ?” என்று கேட்டு, அவர் “வேண்டாம்” என்று கூறுமிடத்து விலகிச்செல்லும் மனத்திட்பமே முதல் வீடு வாங்குவோர்க்கு இன்றியமையாதது. இன்று வகுப்பறையிலிருக்கும் மாணவரும் நாளை இக்காரியத்திலே இறங்குவர். அவர் வாங்கும் வீடு பிள்ளைகளுக்கு வழக்காக அன்றி வாழ்விடமாகவே சென்று சேர்தல் வேண்டுமென்பதே நமது விருப்பம்.