லேபிளை மறைத்து ஒரு வாய்
கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, கதையும் கேட்டு, பிறகு ஒயின் ருசிப்பவரின் நாக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். லேபிளை மறைத்து ருசிப்பதே நேர்மையான சோதனை. 1976 மே 24 அன்று பாரிஸில் பிரிட்டிஷ் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னிய ஒயின்களையும் அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தார். பிரெஞ்சு நடுவர்களே நாபாவின் ஷாத்தோ மோன்டலீனா வெள்ளை ஒயினுக்கும் ஸ்டாக்ஸ் லீப் சிவப்பு ஒயினுக்கும் முதலிடம் தந்துவிட்டார்கள். பெயர் தெரிந்திருந்தால் தந்திருப்பார்களா? சந்தேகம்தான்! பிரான்ஸின் போர்தோ பகுதிச் சிவப்பு ஒயின் வயதாக ஆகத்தான் சிறக்கும், அவசரப்பட்டுவிட்டார்கள் என்று மறுப்பு எழுந்தது. நியாயமான மறுப்பு. ஆனால் 2006இல், மேலும் முப்பது ஆண்டு முதிர்ந்த அதே சிவப்பு ஒயின்களை மறுபடி ருசித்தபோதும் முதலிடம் கலிஃபோர்னியாவுக்கே, இம்முறை ரிட்ஜ் மோன்டே பெல்லோவுக்கு.