கோவைக் கோட்டையும் போர்நிறுத்தத்தின் கணக்கும்

போர்நிறுத்தமும் சமாதானமும் ஒன்றல்ல. முன்னது, இரு தரப்புப் படைகளும் நின்ற இடத்தில் நின்றபடியே சுடுவதைக் கைவிடும் ஏற்பாடு. பின்னது, எந்த வழக்கால் சண்டை மூண்டதோ அந்த வழக்கையே தீர்க்கும் உடன்படிக்கை. 2025 மே 10 அன்று இந்தியாவும் பாகிஸ்தானும் சண்டையை நிறுத்தியது எவ்வளவு காலம் தாங்கும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இவ்விரண்டும் ஒன்றோடொன்று குழம்பிவிடுகின்றன. இந்த வேறுபாட்டை அறியக் காஷ்மீர் வரை போக வேண்டியதில்லை. மைசூர் அரசும், மக்கள் வழக்கில் கும்பினி என்று வழங்கிய கிழக்கிந்தியக் கம்பெனியும் அண்டை அரசுகளாக மோதிக்கொண்ட 18-ஆம் நூற்றாண்டில், கொங்கு நாடே அதைத் தன் மண்ணில் கண்டது.

மேற்கே பாலக்காட்டுக் கணவாயும் வடக்கே மைசூரிலிருந்து இறங்கும் கெஜலட்டிக் கணவாயும் வந்து சேரும் நொய்யல் சமவெளி, இன்றைய சிங்காநல்லூரும் சூலூரும் அடங்கிய நிலம், தானியமும் கால்நடையும் மிகுந்ததாக இருந்தமையால் இரு படைகளுக்குமே வேண்டியதாயிற்று. 1783-இல் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும், இந்தியாவில் மைசூருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரும் சமாதானமான செய்தி, கடல் கடந்து இந்தியாவுக்கு வந்து சேரவே ஏறத்தாழ ஐந்து மாதம் ஆயிற்று. அதன்பின் ஆகஸ்டில் மங்களூரில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானோடு தற்காலிக நிறுத்தம் ஏற்பட்டபோதிலும், கொங்குப் பகுதியில் கும்பினியின் கர்னல் புல்லர்ட்டன் நவம்பரில் பாலக்காட்டையும் கோயம்புத்தூரையும் அடுத்தடுத்துப் பிடித்தார். பிடித்த கையோடு, பேச்சுவார்த்தைக்குச் சென்றிருந்த கும்பினித் தூதர்களிடமிருந்து பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. அவர் பின்வாங்கத் தொடங்கியபின், பிடித்ததை விடாதே என்று சென்னையிலிருந்து மாற்று உத்தரவு வந்தது. ஒரே தரப்பிலேயே நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பது தெளிவாக இல்லாவிட்டால், எதிர்த்தரப்பு எந்தச் சொல்லை நம்பும்? 1784 மார்ச் 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கை, பிடித்தவற்றை அவரவர் திருப்பித் தரவேண்டும் என்றதோடு நின்றதேயன்றி வழக்கைத் தொடவில்லை. ஆறே ஆண்டுகளில், திருவிதாங்கூர் எல்லைக் காவலரணைத் திப்பு தாக்கியதை அடுத்து மீண்டும் போர் மூண்டது.

அந்தப் போரில் கோயம்புத்தூர்க் கோட்டைக்கு நேர்ந்தது இன்னும் கூர்மையான பாடம். கனரகப் பீரங்கிகள் பாலக்காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டுவிட்ட நிலையில், கோட்டையைக் காத்துநின்ற கும்பினியின் லெப்டினன்ட் சால்மர்ஸ் என்ற அதிகாரி சிறு படையோடு 1791 ஜூனில் தொடங்கிய முற்றுகையை எதிர்கொண்டு, ஆகஸ்ட் 11 அன்று நடந்த பெருந்தாக்குதலை முறியடித்தார். பின்னர் லெப்டினன்ட் நாஷ் துணைப்படையோடு வந்து சேர்ந்தும், திப்புவின் தளபதி கமருதீன் கான் பெரும்படையோடு வந்து வளைத்துக்கொள்ள, நவம்பர் 3 அன்று கோட்டை சரணடைந்தது. காவற்படை பாலக்காட்டுக்குச் செல்லலாம் என்பது தளபதி ஒப்புக்கொண்ட நிபந்தனை. திப்பு அதை ஏற்காததால் அனைவரும் கைதிகளாகச் சீரங்கப்பட்டணம் கொண்டு செல்லப்பட்டனர். களத்தில் நிற்பவர் கொடுத்த வாக்கு அரியணையில் இருப்பவரைக் கட்டுப்படுத்தாதபோது, அது வாக்கே அன்று. இச்செய்திகள் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகளின் குறிப்புகளிலிருந்தே கிடைக்கின்றன என்பதையும், விளைச்சலையும் மாட்டையும் பறிகொடுத்த குடியானவரின் கணக்கை அந்தக் குறிப்புகளில் தேடினால் அதிகம் கிடைக்காது என்பதையும் இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தக் கோட்டை இன்று கோட்டைமேடு என்ற ஊர்ப்பெயராக மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சீரங்கப்பட்டணத்தைக் கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வளைத்தபோது, சமாதானக் கடிதத்தோடு அனுப்பத் திப்புவுக்குக் கிடைத்த தூதர், வாக்குமீறி அவர் சிறைவைத்திருந்த அதே சால்மர்ஸ்தான். இம்முறை கும்பினி வெறும் சொல்லை நம்பவில்லை. பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கேட்டதோடு, நிபந்தனை நிறைவேறும்வரை பிணையாகத் திப்புவின் சிறுவயது மைந்தர் இருவரையும் பெற்றுக்கொண்டது. பணம் செலுத்தப்பட்டது, பிள்ளைகள் 1794-இல் திரும்பினர், உடன்படிக்கை எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது. என்றாலும், பாதி நாட்டை இழந்தவர் அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளவில்லை, பறித்தவர்களும் அவரை நம்பவில்லை. 1799 மே 4 அன்று திப்பு போரில் மாண்டபின்னரே கோயம்புத்தூர் கும்பினியின் கைக்கு வந்தது. பிணை, மீறலைத் தடுத்தது, பகையைத் தடுக்கவில்லை.

சுதந்திர இந்தியாவின் போர்நிறுத்தங்கள் பிணைக்குப் பதில் வரைபடத்தையும் பார்வையாளரையும் நம்பின. 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிறுத்தத்தை, அவ்வாண்டு ஜூலையில் கராச்சி உடன்படிக்கை ஒரு கோடாக வரைந்தது, ஐ.நா. பார்வையாளர்கள் அதைக் கண்காணித்தனர். 1971 போருக்குப்பின் சிம்லா உடன்படிக்கைப்படி அது எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு, அதாவது சர்வதேச எல்லையாக ஒப்புக்கொள்ளப்படாத, ஆனால் இரு படைகளும் தாண்டக்கூடாத கோடு, ஆயிற்று. 

2021 பிப்ரவரியில் இரு நாட்டு இராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களும் கூட்டறிக்கை விட்டு மீட்டெடுத்த நிறுத்தம், 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதிகளால் 26 பேர் கொல்லப்படும்வரை பெரும்பாலும் நிலைத்தது. அதற்குப் பதிலடியாக மே 7 அன்று தொடங்கிய சண்டை, 10-ஆம் தேதி பிற்பகல் 3.35-க்கு அந்த இயக்குநர்களிடையே நடந்த ஒரு தொலைபேசிப் பேச்சால் மாலை 5 மணிக்கு நின்றது. அன்றிரவே மீறல் புகார் எழுந்தபோதிலும் 12-ஆம் தேதி அதே அதிகாரிகள் மீண்டும் பேசினர். புல்லர்ட்டன் காலத்தில் மாதக்கணக்கில் ஆனது ஒன்றரை மணி நேரத்தில் முடிந்திருக்கிறது என்றால், துப்பாக்கியை நிறுத்தும் கருவி நன்றாகவே வேலை செய்கிறது என்றுதான் கொள்ளவேண்டும். ஆகவே சுடாதிருக்கும் ஏற்பாடு நீடிக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அதை ஒரே ஒரு பயங்கரவாதத் தாக்குதல் தகர்த்துவிடும் என்பதையும் பஹல்காமே காட்டிவிட்டது.

சமாதானத்துக்கான வாய்ப்பு அதைவிட மிகக் குறைவு. 1965, 1971 போர்களின்போதுகூடக் கைவிடப்படாத 1960-ஆம் ஆண்டின் சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள் நிறுத்திவைத்தது. மே 10 அன்று துப்பாக்கிகள் ஓய்ந்தபோதும் அந்த முடிவு மாறவில்லை.